வேலையில் தவறு செய்துவிட்டீர்களா? அதை எப்போது சொல்வீர்கள்?

எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு சாஆ வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் பட்டணத்திலேயே மளிகைக் கடையிலோ உணவகத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ சேர்கிறார்கள். சிலர் யோங் பெங், சிகாமட், குளுவாங் என்று போகிறார்கள். வயதும் துணிச்சலும் உள்ளவர்கள் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்வருகிறார்கள். போலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்கோ தொழிற்பயிற்சி என்ற பெயரில் சில மாதங்கள் அலுவலக வாழ்க்கை காத்திருக்கிறது.

வேலை கேட்டுப் போகும்போது எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த மூன்றாவது நாள் கல்லாப்பெட்டியில் ஐம்பது வெள்ளி குறைந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஒருவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை வேறொருவருக்கு அனுப்பிவிட்டீர்கள். முந்நூறு பெட்டி என்று பதிய வேண்டிய இடத்தில் மூவாயிரம் என்று பதிந்துவிட்டீர்கள். யாரும் இன்னும் கவனிக்கவில்லை. அடிவயிற்றில் ஒரு குளிர். முகம் வெளுக்கிறது. வேலை போய்விடுமோ, அப்பாவிடம் என்ன சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று மனம் அரை நிமிடத்தில் ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த அரை நிமிடத்தையும் அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தையும் பற்றியது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டம் வரை போக வேண்டியிருக்கிறது. சாஆவைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. ஒரு காலத்தில் ஜொகூர் தோட்டங்களில் ரப்பர் கோலோச்சியது. பால்மரம் சீவுவது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். உளி ஆழமாக இறங்காவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடுதலாக இறங்கினால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய படலம் காயப்படும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டுச் சீவ வேண்டும். அதுவும் வெளிச்சம் சரியாக வராத விடியற்காலையில். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி சீவ வரும்போது அந்த முடிச்சு குறுக்கே நிற்கும்.

ஆகவே மரத்தில் காயம் என்றால் மேலதிகாரிக்குக் கோபம் வரும். திட்டு விழும், கூலியிலும் கைவைப்பார்கள். அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு அது பெரிய அடி. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தம் தவறைத் தாமே போய்ச் சொல்லுவாரா? காயத்தின்மேல் மண்ணைப் பூசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கும். “வாயைத் திறக்காதே, மாட்டிக்கொள்ளாதே” என்பது அந்தக் காலத்துக் குடும்பங்களுக்குப் பிழைக்கும் வழியாக இருந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தோட்டத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும், குளிர்சாதன அறையில் கணினிமுன் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளையின் வாயும் அதே மாதிரி மூடிக்கொள்கிறது.

சட்டம் மாறியிருக்கிறது என்பதாவது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஒருவருடைய சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. முதலாளி தமக்குக் கோபம் வந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. “தட்டு உடைந்தது, இருபது வெள்ளி, தாமதம், முப்பது வெள்ளி” என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதாலேயே அது சட்டமாகிவிடாது. சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி குறையும்.

மீதிப் பாதியைப் பற்றிப் பேச, பலருக்கும் ஓரளவு தெரிந்த ஒரு கதையின் தெரியாத பக்கத்துக்குப் போவோம்.

1979 ஆகஸ்டு 10. ஆந்திரக் கடற்கரையில் உள்ள ஸ்ரீஹரிகோட்டா. இந்தியா சொந்தமாகச் செய்த முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 காலை எட்டு மணிக்குச் சற்றுமுன் புறப்பட்டது. ஏறத்தாழ 23 மீட்டர் உயரம், 17 டன் எடை. திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்துக்காரரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம், அப்போது அவருக்கு வயது 47. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ஏவுகலம் கட்டுப்பாட்டை இழந்தது. புறப்பட்ட 317 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. பல ஆண்டு உழைப்பு வங்காள விரிகுடாவில் விழுந்தது.

என்ன நடந்தது என்பதைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் கட்டத்தை நேராகப் பறக்க வைக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒருவகை நைட்ரிக் அமிலம் தேவை. அதன் வால்வு ஒன்றில் தூசு புகுந்ததால் வால்வு மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அமிலம் கசியத் தொடங்கியது. தேவைப்பட்ட நேரத்தில் அது இல்லை. ஒரு தூசு!

இதோடு நிறுத்தினால் “எந்திரக் கோளாறு” என்று கோப்பை மூடிவிடலாம். அப்படித்தான் மூடியிருக்க முடியும். மறுநாள் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இருந்தார்கள். தோல்விக்கான தொழில்நுட்பக் காரணங்கள் விளக்கப்பட்டன. பின்னர் ஒரு குழு காரணத்தைத் துல்லியமாகவும் கண்டறிந்தது. ஆனால், கசிவு கடைசி நேரக் கணக்கெடுப்பின்போதே கண்ணில் பட்டிருந்தது. அது பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தவர் கலாம். இதைத் தம் சகாக்கள் முன்னிலையில் எழுந்து அவரே சொன்னார்: நண்பர்கள் தொழில்நுட்பக் காரணம் காட்டிவிட்டார்கள், இருந்தாலும் கசிவைச் சிறியதென்று எடைபோட்டது என் முடிவு, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான், பொறுப்பு என்னுடையது. இந்தக் கருத்துப்படத் தாம் பேசியதை அவர் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார்.

கவனியுங்கள்: அவர் “நான் உதவாக்கரை” என்று சொல்லவில்லை. “என்னால் எல்லாம் நாசமாயிற்று, என்னை மன்னியுங்கள்” என்று அழவும் இல்லை. எந்த இடத்தில், எந்த முடிவு, யாருடையது என்பதை மட்டும் சொன்னார். வேலையிடத்தில் தவறைச் சொல்வதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சின்னச் செய்தியும் அந்த நூலில் இருக்கிறது. நம் மேடைப் பேச்சாளர்கள் அதை எடுத்துச் சொல்வதில்லை. ஏவுகலம் விழுந்த அன்று கலாம் நேரே தம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். அதற்கு முந்தைய நாட்களில் அவருக்குச் சரியான தூக்கமே இல்லை. மாலை நெருங்கும் நேரத்தில் யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவர் விசாரணை எதுவும் நடத்தவில்லை; சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். நாடே பார்த்துக்கொண்டிருந்த தோல்விக்குப் பிறகு ஒரு பெரிய மனிதர் எடுத்த முதல் நடவடிக்கை பகல் சாப்பாடு.

அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தது யார் என்பது பரவலாகத் தெரிந்த கதை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் தாமே போய், தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பேசினார். மறு ஆண்டு 1980 ஜூலை 18-ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் விட்டபோது, பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பிவைத்தார். கலாம் தம் வாழ்நாள் முழுவதும் பல மேடைகளில் இதைச் சொல்லி வந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய கதைகளைக் கேட்டுவிட்டு “தோற்றவர் எல்லாரும் ஒருநாள் கலாம் ஆவார்” என்று நினைத்துக்கொள்வது ஆபத்து. கலாம் எழுந்து நின்று பேச முடிந்ததற்குக் காரணம், எதிரே உட்கார்ந்திருந்தவர் தவான். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு தலைவர் வாய்ப்பதில்லை. நம் மேற்பார்வையாளர் புலனக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி பெயரைப் போட்டுத் திட்டுபவராக இருக்கலாம். அவருக்கும் மேலே ஒருவர் அவரைத் திட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால், தவான் இல்லாத இடத்தில் உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும்?

கல்லாப்பெட்டிக்கே வருவோம். ஐம்பது வெள்ளி குறைகிறது. யாருக்கோ மீதிப் பணம் கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்கள். மாலை நான்கு மணிக்குச் சொன்னால், யாருக்குக் கொடுத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்க்கலாம். கேமராப் பதிவைப் பார்க்கலாம். உள்ளூர்க்காரராக இருந்தால் அவரே திருப்பித் தரவும் கூடும். இரவு கணக்கு முடிக்கும்போது முதலாளி தாமாகக் கண்டுபிடித்தால், கேள்வி “எப்படிக் குறைந்தது?” என்பதிலிருந்து “ஏன் சொல்லவில்லை?” என்று மாறிவிடும். மறுநாள் தெரியவந்தால் “எடுத்தாயா?” என்று மாறும். தொகை அதே ஐம்பது வெள்ளிதான். காலையில் கணக்குத் தெரியாத பிள்ளையாக இருந்தவர் ஒரே நாளில் கைநீளமுள்ள பிள்ளையாகிவிடுகிறார். கவனக்குறைவை மன்னிக்கும் முதலாளிகள் நிறைய உண்டு. ஒளித்ததை மன்னிப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே தவான் இல்லாத இடத்தில்தான் சீக்கிரம் சொல்வது இன்னும் அவசியமாகிறது.

எப்படிச் சொல்வது? நம் நாட்டில் பல வேலையிடங்களில் மலாய்தான் பேச்சு மொழி. “போஸ், சாயா தெர்சாலா கீரா” என்று சொல்லிவிட்டு, எவ்வளவு, எப்போது, இதுவரை நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் ‘தெர்’ என்ற முன்னொட்டு எனக்குப் பிடிக்கும். வேண்டுமென்று செய்யவில்லை, கைமீறி நேர்ந்துவிட்டது என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. தமிழிலும் இதற்கு இடமுண்டு. தவறு என்றால் பிழை; ‘கால் தவறியது’ என்றால் வழுக்கியது. ஆனால் தப்பு என்ற சொல்தான் வேடிக்கையானது. பிழை செய்வதும் தப்பு. பிடிபடாமல் ஓடுவதும் தப்பு!

நேரில் சொல்வது நல்லது. செய்தியாக எழுதினால் மழுப்பத் தோன்றும். படிப்பவரும் மழுப்பலாகவே எடுத்துக்கொள்வார். நீண்ட மன்னிப்பு வேண்டாம். பத்து முறை மன்னிப்புக் கேட்டால், எதிரே இருப்பவர் தவறைச் சரிசெய்வதை விட்டுவிட்டு உங்களைத் தேற்றும் வேலையில் இறங்க வேண்டியதாகிவிடும்.

அடுத்தது, தவறின் அளவு. எல்லாத் தவறும் ஒன்றில்லை. ஆனால் பயம் எல்லாவற்றையும் ஒரே அளவாகக் காட்டும். கடிதத்தில் எழுத்துப்பிழை, வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலம், தவறான பட்டியல் எண் இவையெல்லாம் திருத்தக்கூடியவை. அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது. இவற்றுக்காகத் தூக்கத்தைத் தொலைப்பது வீண். மறுபக்கம், யாரும் திட்டாத சில தவறுகள் உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் எந்திரத்தின் பாதுகாப்புக் கூண்டைக் கழற்றிவிட்டுத் துப்புரவு செய்வது, பயிற்சி இல்லாமல் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறி உட்கார்வது, மருத்துவமனையில் மருந்து அளவை ஊகித்துக் கொடுப்பது. இவற்றைச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், பாராட்டுகூடக் கிடைக்கலாம். ஆனால் விரல் போனால் போனதுதான்.

பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இந்த இரண்டையும் தலைகீழாக எடைபோடுவதுதான் என் கவலை. திட்டு விழும் என்பதால் சின்னத் தவறுக்கு நடுங்குகிறார்கள். திட்டுக்குப் பயந்து, ஆபத்தான வேலைக்கு “மாட்டேன்” என்று சொல்லத் தயங்குகிறார்கள். இங்கேயும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களில் பலர் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலத்துக்கு வந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, திரும்பி வர மறுபடி வரிசை, கைப்பேசியில் ஒரு மணி நேரம், பிறகு நான்கைந்து மணி நேரத் தூக்கம். அப்படி வாழும் ஒருவர் எண்ணை மாற்றிப் பதிந்துவிட்டு “எனக்கு மூளை இல்லை” என்று நொந்துகொள்கிறார். மூளை இருக்கிறது. அதற்கு ஓய்வுதான் இல்லை. ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப நேர்ந்தால், உங்கள் குணத்தை ஆராய்வதற்குமுன் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று பாருங்கள்.

தவறைக் குணத்தோடு சேர்த்துக் கட்டாமல், வேலை நடக்கும் முறையில் தேடுவது என்பது உலகம் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்ட பழக்கம். 1935 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனம் ஒரு புதிய குண்டுவீச்சு விமானத்தைச் சோதனைக்கு விட்டது. ஓட்டியவர் அனுபவம் மிக்க இராணுவ விமானி. விமானம் மேலெழும்பியதும் நிலைகுலைந்து விழுந்து தீப்பிடித்தது. அவரும் இன்னொருவரும் இறந்தனர். எந்திரத்தில் கோளாறு இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாமலிருக்கப் பூட்டும் ஒரு பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய விமானத்தை ஓட்டுவதற்குக் கவனிக்க வேண்டியவை ஒரு மனிதரின் நினைவுக்குள் அடங்காத அளவுக்குப் பெருகிவிட்டிருந்தன. “இனிமேல் கவனமாக இருங்கள்” என்று சொல்லி அனுப்பியிருந்தால் அடுத்த விமானமும் விழுந்திருக்கும். விமானிகள் உட்கார்ந்து, புறப்படும்முன் பார்க்க வேண்டியவை, பறக்கும்போது பார்க்க வேண்டியவை, இறங்கும்முன் பார்க்க வேண்டியவை என்று சிறு அட்டைகளில் எழுதினார்கள். இன்று சிப்பாங்கிலோ செனாயிலோ விமானம் ஏறும்போது, கதவுக்கு அப்பால் விமானிகள் படித்துச் சரிபார்க்கும் பட்டியல்கள் அந்த வழியில் வந்தவை.

மருத்துவர்களுக்கு இது வந்துசேர எழுபது ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம், பஞ்செல்லாம் எண்ணியாயிற்றா போன்ற எளிய கேள்விகள். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் இறந்தவர்களின் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காட்டுக்குக் குறைந்தது. அந்த மருத்துவர்கள் யாரும் ஒரே நாளில் புத்திசாலிகள் ஆகிவிடவில்லை.

அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. விமானியோ கட்டுப்பாட்டு அதிகாரியோ வேண்டுமென்றே செய்யாத ஒரு தவறைப் பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பினால், பொதுவாகத் தண்டனையிலிருந்து காப்பு உண்டு. அறிக்கைகளை வாங்குவது நாசா. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறைக்கு அனுப்பியவரின் பெயர் போவதில்லை. ஒருவரைத் தண்டிப்பதால் கிடைக்கும் பயனைவிட, அவர் என்ன தவறு செய்தார் என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் பயன் பெரிது என்பது அவர்களுடைய கணக்கு. காயத்தின்மேல் மண் பூசியவர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை மரங்கள் தப்பியிருக்கும்!

உங்கள் கடையில் இதெல்லாம் இல்லாமலிருக்கலாம். ஐம்பது காசு நோட்டுப் புத்தகம் போதும். தவறிய ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்த நேரம், அடுத்த முறை எதை முதலில் பார்க்க வேண்டும். “நான் முட்டாள்” என்று அதில் எழுத வேண்டாம்; அது தகவல் இல்லை. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், பெரும்பாலானவை இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருப்பது தெரியும். கூட்டம் அலைமோதும் நேரம், இரண்டு பேர் ஒரே கல்லாவைப் பயன்படுத்தும் நேரம், வேலை மாறி ஆள் மாறும் நேரம். அதை எடுத்துக்கொண்டு போய் “பாஸ், இந்த நேரத்தில்தான் அடிக்கடி குறைகிறது” என்று சொல்லும் பதினெட்டு வயதுப் பிள்ளையை எந்த முதலாளியும் சும்மா பார்க்கமாட்டார்.

இப்படி எழுதிவைத்துத் திருத்துவதை மிகப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்களும் கலாம் வேலை பார்த்த அதே நிறுவனத்தார்தான். 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலை சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது தொடர்பை இழந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரரான அப்போதைய தலைவர் கே. சிவன் கேமராக்கள் முன்னிலையில் கண்கலங்கியதை உலகமே பார்த்தது. கலம் எங்கே விழுந்தது என்பதுகூடச் சில மாதங்கள் தெரியவில்லை. நாசா வெளியிட்ட நிலவுப் படங்களை ஓய்வு நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்த சண்முக சுப்பிரமணியன் என்ற சென்னைப் பொறியியலாளர், சிதறல் ஒன்றை முதலில் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அதை உறுதிப்படுத்தியது.

பிறகு வந்த சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்தில் இரயில்வே ஊழியரின் மகன். பள்ளி முடித்துப் பட்டயப் படிப்புப் படித்து, அதற்குப் பிறகு பொறியியலுக்குப் போனவர். போலிடெக்னிக் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். முந்தைய தோல்வியில் என்னென்ன நடந்தது என்பதை அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் மறைக்காமல் விளக்கினார். ஐந்து எந்திரங்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. சிறுசிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கலம் வேண்டிய வேகத்தில் திரும்ப முடியவில்லை. இறங்குவதற்கு ஒதுக்கியிருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்.

மறுமுறை என்ன செய்தார்கள் என்பதுதான் படிக்கச் சுவையானது. இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். கால்களை உறுதியாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்பி இறங்கினாலும் வெயில் படும்படி சூரியத் தகடுகளைக் கூடுதலாகப் பொருத்தினார்கள். எல்லாம் சரியாக நடக்கும் என்று வைத்துக்கொண்டு கலத்தை வடிவமைக்காமல், எதெது தவறும் என்று பட்டியலிட்டு, அது தவறினாலும் இறங்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்டு 23 மாலை அது நிலவின் தென்முனைக்கு அருகே இறங்கியது.

2019-இல் அழுதவர்கள் அன்று மறந்துபோன ஒன்றும் உண்டு. சந்திரயான்-2 என்பது தரையிறங்கு கலம் மட்டுமில்லை. சுற்றுக்கலம் ஒன்றும் இருந்தது. அது நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஓராண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது, தொடர்ந்து படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. “தோல்வி” என்று தலைப்புப் போட்ட நாளிதழ்களில் அது ஓரமாக ஒரு வரியில் வந்தது. வேலையில் தவறு செய்துவிட்டு இரவெல்லாம் புரண்டு படுக்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: விழுந்தது எது, இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது எது?

நான்கு ஆண்டு கழித்துச் சந்திரயான்-3 இறங்கத் தயாரானபோது, இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் பழைய சுற்றுக்கலம் எடுத்த படங்கள்தான் உதவின. தரையிறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு இரண்டுக்கும் தொடர்பு ஏற்பட்டது. தோற்றுப்போனதாகச் சொல்லப்பட்ட திட்டத்தின் கலம், புதிதாக வந்த கலத்தை “வா நண்பா” என்ற பொருள்பட வரவேற்றதாக நிறுவனம் செய்தி வெளியிட்டது.